வேலியேற்றத்துக்கு முன் கொட்டிய மண்

நடந்தது இந்த வரிசையில்தான்:

1. வளைகுடாவில் இரண்டாவது போர் நடந்த அடுத்த வருடம், மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குப் பின்னால் இருந்த பழைய மிளகுக் கிடங்கில் இரும்புக் கழிவு வந்து இறங்கத் தொடங்கியது. எரிந்த வண்டிகள், ஓட்டை ஓட்டையாய்த் தகடுகள், கேபிள் சுருள்கள். எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.
2. அக்காவின் கணவருக்கு அங்கே இரும்பு வெட்டும் வேலை கிடைத்தது. காஸ் கட்டர் பிடிப்பார்.
3. வண்டிகளை வெட்டிய இடத்திலும் கேபிளை எரித்த இடத்திலும் ஒரு கறுப்பு மண் குவிந்தது. பாதி சாம்பல், பாதி மணல்.
4. ஐப்பசியில் சந்துக்காரர்கள் எல்லோரும் அந்த மண்ணைக் கேட்டு வாங்கி வீட்டு முற்றத்தில் கொட்டினோம்.
5. அக்காவின் மகள் அந்த மண்மேல்தான் நடக்கப் பழகினாள்.
6. வடக்கே ஏதோ ஓர் இரும்பு ஆலையில், கழிவோடு வந்த குண்டு வெடித்ததாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. சந்து பயந்தது.
7. கதிர்வீச்சு இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்தோம். இல்லை. எல்லோரும் சாயா குடித்தோம்.
8. அதற்குப் பிறகுதான் நான் அந்த மண்ணை அமிலத்தில் கரைத்து அளந்தேன்.

எட்டாவது, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் வந்திருக்க வேண்டும். ஆனால் முற்றத்தில் போடும் மண்ணைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் சந்தில் மட்டுமல்ல, எந்தச் சந்திலும் கிடையாது.

எங்கள் வீடுகளைப் பற்றிச் சொன்னால்தான் நாலாவது புரியும். கடல் ஏறும்போது காயலும் ஏறும். காயல் ஏறினால் வாய்க்கால் வழியாக உப்புத் தண்ணீர் வாசலுக்கு வரும். மலையாளத்தில் அதற்கு வேலியேற்றம் என்று பெயர். வீட்டில் தமிழ் பேசும் நாங்களும் அப்படித்தான் சொல்வோம். கார்த்திகையில் அது மோசமாக இருக்கும். அதனால் ஒவ்வொரு வருடமும் மழை விட்டதும் முற்றத்தை ஒரு கை அளவாவது உயர்த்திவிடுவோம். இடித்த வீட்டுச் செங்கல், மரப்பொடி, தேங்காய் மட்டை, எது கிடைத்தாலும் சரி. வருடக்கணக்காக இப்படி உயர்த்தியதில் முற்றம் மேலே போய்விட்டது, வீடு கீழே நின்றுவிட்டது. எங்கள் சந்தில் வீட்டுக்குள் ஏறிப் போக முடியாது, இறங்கித்தான் போக வேண்டும். முற்றத்தில் என்ன கிடக்கிறதோ அது காலோடும் காற்றோடும் வீட்டுத் தரைக்கு வந்துவிடும்.

நல்ல மண் கிடைப்பதுதான் கஷ்டம். செம்மண் லாரி எங்கள் சந்துக்குள் திரும்பாது. அப்படி இருக்கும்போது கிடங்கின் பின்கதவைத் திறந்து முதலாளியே, "வேணும்னா அள்ளிக்கோங்க" என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

அப்பா கார்ப்பரேஷனில் ஓடை சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். அவர்தான் முதல் கூடை மண்ணை அள்ளிக் கையில் நசுக்கிப் பார்த்தார். "கடல் மண்ணில்ல. உப்பு கிடையாது. நல்லா இறுகும்," என்றார். அது சரிதான். சாம்பலோடு கலந்திருந்த அந்த மணல் எங்கள் கடற்கரை மணலைப்போல் இல்லை. பவுடர்போல மெல்லியது, வெளிர் மஞ்சள். எரிந்த வண்டிகளின் கதவுக்குள்ளும் இருக்கைக்கு அடியிலும் அடைந்து கிடந்து, வண்டியைப் புரட்டும்போது கொட்டியது. யாரோ ஓட்டிப்போன வண்டி. அந்த நாட்டு மண் ஒரு கப்பல் ஏறி எங்கள் வாசலுக்கு வந்திருந்தது. அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை. நானும் கூடை சுமந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், முதல் வளைகுடாப் போருக்குப் பிறகு, சித்தப்பா குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்தார். எண்ணெய்க் கிணறுகள் எரிந்த சமயம் அங்கே இருந்தவர். அவருடைய வெள்ளைச் சட்டைகளில் எல்லாம் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். அம்மா எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை. "அங்க மழையே அப்படித்தான் அண்ணி. வானத்துலேருந்து மை ஊத்துற மாதிரி," என்றார். "அந்தப் புகையெல்லாம் எங்க போகும் சித்தப்பா?" என்று கேட்டேன். "எங்கயாவது போகும். இங்க வராது, நீ பயப்படாதே," என்றார். அம்மா அந்தச் சட்டைகளைக் கரித்துணியாக்கினாள்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, குழந்தை பிறந்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டாள். அத்தானுக்குக் கிடங்கில் வேலை அமைந்ததால் அவரும் வந்துவிட்டார். குழந்தையை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டோம். நடக்கத் தொடங்கிய புதிதில் நன்றாகத்தான் இருந்தாள். காக்காவைக் காட்டி "கா" என்பாள். என்னைச் "சித்தி" என்று முழுதாகச் சொல்வாள். முற்றத்தில் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையில் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டுவாள், கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொள்வாள். அக்கா கையைத் தட்டிவிடுவாள். எல்லாப் பிள்ளையும் மண் தின்னும்தானே என்று அம்மா சொல்வாள்.

அடுத்த கோடையில் பாப்பா சாப்பிட மறுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முகம் வெளுத்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள், சத்து டானிக் கொடுத்தார்கள். ஒரு நாள் அக்கா குழம்பு தாளித்துக்கொண்டே, "பாப்பா இப்பல்லாம் உன்னைச் சித்தின்னு கூப்பிடுறதில்ல, கவனிச்சியா?" என்றாள். நான் கவனித்திருக்கவில்லை. காக்காவையும் அவள் கூப்பிடுவதில்லை. இருந்த சொற்கள் குறைந்துகொண்டு வந்தன.

அந்தச் சமயத்தில்தான் குண்டு வெடித்த செய்தி வந்தது. அதோடு ஒரு வதந்தியும் வந்தது: போரில் போட்ட குண்டுகளில் கதிர் இருக்கிறது, அது இரும்பில் ஒட்டிக்கொண்டு வரும், தொட்டால் மலடாகிவிடுவார்கள். குழாயடியில் இதே பேச்சு. நான் இடப்பள்ளியில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். குடிநீர், ஆலைக் கழிவுநீர், மசாலாப் பொடி எல்லாம் அங்கே சோதனைக்கு வரும். அதனால் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் சோதனைக்கூடத் தலைவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தெரிந்த ஒரு கல்லூரியிலிருந்து கதிர்வீச்சுக் கருவியை வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே வந்தார். சந்து முழுவதும் பின்னாலேயே நடந்தது. கிடங்கில் வைத்தார், வெட்டிய தகடுகளில் வைத்தார், எங்கள் முற்றத்தில் வைத்தார். கருவி டிக், டிக் என்று நிதானமாக அடித்தது.

பக்கத்து வீட்டுச் சேச்சி காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அடிக்குதல்லோ சார்!"

"இது எல்லா எடத்துலயும் அடிக்கும் சேச்சி. உங்க அடுக்களையில வச்சாலும் அடிக்கும். வேகமா அடிச்சாத்தான் பிரச்சினை."

"அப்போ ராத்திரி நான் மின்ன மாட்டேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார்," என்றார் அத்தான். "என் பொண்டாட்டி பயந்துபோய் வெளக்கை அணைச்சு அணைச்சுப் பாக்குறா."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காகூடச் சிரித்தாள். முதலாளி சந்தோஷத்தில் எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வரவழைத்தார். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். மிளகு வியாபாரம் படுத்த பிறகு இரும்புக்கு மாறியவர். மூட்டை தூக்கும் தமிழ்ச் சுமட்டுக்காரர்களோடு பழகிப் பழகி அவருக்கு எங்கள் தமிழ் நன்றாக வரும். "நான் அப்பவே சொன்னேன். இரும்பு இரும்புதான், மோளே," என்று மகளைக் கூப்பிடுவதுபோல என்னைப் பார்த்துச் சொன்னார்.

பாப்பா மட்டும் முற்றத்தின் மூலையில் உட்கார்ந்து சிரட்டையில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். கருவி வைத்து எடுத்த அதே இடம். சார் கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "இந்தக் கருவி ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நாம கேட்டது அந்தக் கேள்வியை மட்டும்தான்," என்றார். அவர் போன பிறகு நான் சின்னப் பிளாஸ்டிக் பைகளை எடுத்துக்கொண்டு முற்றத்தில் மூன்று இடத்தில் மண் எடுத்தேன். வீட்டுக்குள் படிக்கட்டு ஓரத்தில் இருந்த தூசியைத் துடைத்து எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, போர்ட் கொச்சியில் ஒரு மைதானத்து மண்ணும் எடுத்தேன்.

மறுநாள் சோதனைக்கூடத்தில் எல்லாவற்றையும் அமிலத்தில் கரைத்து, உலோகம் அளக்கும் கருவியில் வைத்தேன். மைதானத்து மண் சாதாரணமாக வந்தது. எங்கள் முற்றத்து மண்ணை வைத்தபோது ஈயத்தின் எண் எல்லைக்கு மேலே போய் நின்றது. கரைசலில் தண்ணீர் சேர்த்து நீர்த்தேன். மறுபடியும் மேலே. இன்னொரு தடவை நீர்த்தேன். அப்போதுதான் எண் எல்லைக்குள் வந்தது. நான் குடுவையை வைத்துவிட்டுப் போய் ஒரு தடவை முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

சார் என் தோளுக்குப் பின்னால் நின்று தாளைப் பார்த்தார். "இது எது, பேட்டரி கம்பெனி மண்ணா?"

"இல்ல சார். எங்க வீட்டு முற்றம்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஈயம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு யோசித்து வரிசைப்படுத்தினேன். துப்பாக்கிக் குண்டின் உள்ளே ஈயம். வண்டிகளின் பேட்டரியில் ஈயம். ராணுவ வண்டிகளின் கனத்த பெயின்டில் ஈயம். அதன்மேல் காஸ் கட்டரை வைத்தால் ஆவியாகி, ஆறி, தூளாகக் கீழே விழும். சில கேபிள்களுக்கு மேலுறையே ஈயம். கதிரைத் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை.

பாப்பாவின் ரத்தத்தை எர்ணாகுளத்தில் எடுத்து வேறு ஊருக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும், குழந்தையை முற்றத்தில் விடாதே, கையை அடிக்கடி கழுவு என்று சொன்னேன். ரத்தத்திலும் ஈயம் என்று பதில் வந்தபோது அக்காவையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போனேன். அவர் இரண்டு விஷயம் சொன்னார். மருந்து இருக்கிறது, கொடுப்போம். ஆனால் குழந்தை அதே மண்ணுக்குத் திரும்பிப் போனால் மருந்து கொடுப்பதில் அர்த்தமில்லை. திரும்பும்போது படகில் அக்கா குழந்தையின் உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் அத்தான் வேலை முடிந்து வந்து கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட உட்கார்ந்தார். அக்கா அவரிடம் முந்திக்கொண்டாள்.

"மொதல்ல சட்டையை வெளிய கழட்டிப் போட்டுட்டு, குளிச்சிட்டு வந்து சாப்பிடுங்க."

"என்னடி புதுசா?"

"குளிச்சிட்டு வாங்கன்னு சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மண்ணில் இருப்பது என்ன, தூசியில் இருப்பது என்ன, பாப்பாவின் ரத்தத்தில் இருப்பது என்ன, அவருடைய சட்டையிலும் தலைமுடியிலும் என்ன இருக்கக்கூடும். அவர் கையைக் கழுவாமல் எழுந்து நின்றார்.

"அப்போ நான்தான் என் பிள்ளைக்கு விஷம் கொண்டாந்து குடுத்தேன்னு சொல்றியா?"

"அப்படிச் சொல்லல அத்தான். மண்ணை நாம எல்லாரும்தான் சுமந்தோம். நானும் சுமந்தேன்."

"உன் மெசின் அன்னைக்கு ஒண்ணுமில்லன்னுச்சு. இன்னைக்கு வேற மெசின் வேற சொல்லுது. நாளைக்கு மூணாவது மெசின் என்ன சொல்லும்?"

"வேணும்னா உங்க ரத்தத்தையும் பாக்கலாம்."

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றார். அவருக்கு மாதக்கணக்காக வயிற்று வலி இருந்தது. காஸ் கட்டர் பிடிக்கும் கையில் மணிக்கட்டு தளர்ந்து போவதாக அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா அதை எனக்கும் சொல்லியிருந்தாள். சட்டையைக் கழற்றி வெளியே போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். மறுநாள் அவரே வந்து, "எங்க போய் ரத்தம் குடுக்கணும்?" என்று கேட்டார். அவர் ரத்தத்திலும் ஈயம் இருந்தது.

அக்காவையும் பாப்பாவையும் தென்காசிப் பக்கத்தில் அத்தானின் அம்மா வீட்டுக்கு அனுப்பினோம். வண்டி ஏற்றும்போது அக்கா சொன்னாள்: "மண்ணை எடுத்தாத்தான் வருவேன். எடுக்காம என்னைக் கூப்பிடாதே." அப்போதிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் வேலை.

முதலில் முதலாளியைப் போய்ப் பார்த்தேன். கிடங்கின் உத்திரத்தில் இன்னும் மிளகு வாசனை இருந்தது. கீழே இரும்பு வெட்டும் சத்தம். நான் நீட்டிய சோதனைத் தாளை அவர் வாங்கினார், பார்க்கவில்லை; மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"மோளே, நான் வேணும்னு செய்யல. நானும் இதே காத்தைத்தான் குடிக்கிறேன்."

"தெரியும் முதலாளி."

"உங்க முற்றத்து மண்ணை நான் ஆள் விட்டு எடுத்துத் தரேன். செம்மண்ணும் போட்டுத் தரேன். ஆனா இந்தப் பேப்பர் இங்கயே இருக்கட்டும். வெளிய போச்சுன்னா கிடங்கை மூடுவாங்க. உன் அத்தானோட சேத்து இருபது குடும்பம்."

"எடுத்த மண்ணை எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க?"

அவர் கையை வாய்க்கால் பக்கம் காட்டினார். சாதாரணமாகத்தான் காட்டினார், ஊரில் எல்லாமே அங்கேதான் போகும்.

நான் யோசிக்க நேரம் கேட்டேன். அப்பாவிடம் சொன்னேன். "ராத்திரியோட ராத்திரியா நம்ம குப்பை வண்டியில ஏத்தி விட்டுரலாமே," என்றார் அவர். "அந்தக் குப்பை மேட்டுக்குப் பக்கத்துலயும் வீடு இருக்குப்பா," என்றேன். அவர் ஓடையில் இறங்கி வேலை பார்ப்பவர். எது எங்கே போய்ச் சேரும் என்று அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "அப்போ எங்கதான் கொண்டுபோறது?" என்றார்.

மறுநாள் படகில் எர்ணாகுளம் போய், தாளின் நகலை அரசின் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே இருந்தவர் கவனமாகப் படித்தார். "வந்து பார்ப்போம். ஆனா அதுக்குள்ள மண்ணை வெளிய கொட்டிடாதீங்க. மூட்டை கட்டி மழை படாம ஒரு இடத்துல வைங்க," என்றார். எப்போது வருவார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்து முதலாளியிடம் நேராகப் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "செரி. அப்போ மண்ணும் உன் பாடு," என்றார். அத்தானுக்கு வேலை இருந்தது. ஆனால் அன்றிலிருந்து முதலாளி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சந்தில் ஒன்பது வீடு. குழாயடியில் எல்லோரையும் நிறுத்திப் பேசினேன்.

"மீட்டர் வச்சுப் பாத்து ஒண்ணுமில்லன்னு சாயா குடிச்சோமல்லோ," என்றாள் சேச்சி. "இப்போ என்ன மாத்திச் சொல்றே?"

"அது வேற சேச்சி. இது ஈயம். அந்த மீட்டருக்கு இது தெரியாது."

"மண்ணைத் தோண்டி எடுத்தா கார்த்திகையில தண்ணி எங்க நிக்கும்? உன் அடுக்களையிலயா, என் அடுக்களையிலயா?"

இன்னொருவர், "நீ படிச்சவ, நாளைக்குக் கலூர்ல ஃபிளாட் எடுத்துட்டுப் போயிருவே. நாங்க இங்கதான கெடக்கணும்," என்றார். நான் சேச்சியின் பக்கம் திரும்பினேன். சேச்சியின் மகள்வீட்டுப் பேத்தி அவள் இடுப்பில் இருந்தாள். அந்தக் குழந்தையும் வெளுத்துத்தான் இருந்தது. சேச்சியின் கண் என் கண்ணைத் தொடர்ந்து குழந்தையின் முகத்துக்குப் போனது. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நாள், "எங்க முற்றத்தையும் எடுக்கலாம்," என்று சொல்லி அனுப்பினாள். ஆறு வீடு ஒத்துக்கொண்டது. மூன்று வீடு ஒத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் வேலை தொடங்கினோம். மண்ணை நனைத்துவிட்டுத் தோண்ட வேண்டும், தூசி எழும்பக் கூடாது. மூக்கில் ஈரத் துணி. தோண்டியதை இரட்டைப் பிளாஸ்டிக் போட்ட சாக்கில் கட்ட வேண்டும். அத்தான் கிடங்கு வேலை முடிந்ததும் வந்து மண்வெட்டி பிடிப்பார். மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வெட்டுவார். அப்பா தூக்குவார், நான் கட்டுவேன். சாக்குகளைச் சந்தின் முனையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை. செம்மண்ணுக்கு ஆள் சொல்லியிருந்தோம், அதுவும் வரவில்லை. கார்த்திகை பிறந்தது. முற்றங்கள் பள்ளமாகக் கிடந்தன, சந்தின் முனையில் சாக்குகள் ஆள் உயரத்துக்கு நின்றன.

வேலியேற்றம் விடியற்காலையில்தான் வரும். அன்றைக்கு நான் எழுந்து கதவைத் திறந்தபோது வாய்க்கால் ததும்பிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாமல் ஏறும் தண்ணீர் அது. அலை கிடையாது, ஓட்டம் கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு செங்கல் காணாமல் போகும், அவ்வளவுதான். சாக்குகளின் அடிவரிசை ஏற்கெனவே ஈரம். பழைய சாக்குகள். இரண்டில் பிளாஸ்டிக் கிழிந்து கறுப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. ஈயம் தண்ணீரில் கரைந்து போய்விடாது, ஆனால் கலங்கிப் போகும். தண்ணீர் வடியும்போது அந்தக் கலங்கலை ஒன்பது வீட்டுக்குள்ளும் படிய வைத்துவிட்டு மிச்சத்தைக் காயலுக்குக் கொண்டுபோகும். வாரக்கணக்காகத் தோண்டியதெல்லாம் ஒரே ஏற்றத்தில் திரும்ப வீட்டுக்கு வந்துவிடும், முன்பைவிடப் பரவலாக.

சந்தில் உயரமான இடம் ஒன்றே ஒன்றுதான். கிடங்கின் உள்ளே மிளகு மூட்டை வைக்கக் கட்டிய மேடை. அதற்குத் தண்ணீர் ஏறியதே இல்லை.

அத்தான் கிடங்கின் பின்கதவுக்கு முன்னால் நின்றார். காலையில் கதவைத் திறப்பது அவர் வேலை. சாவி அவரிடம்தான் இருக்கும்.

"முதலாளிக்கு போன் பண்ணிக் கேளுங்க அத்தான்."

"கேட்டா வேண்டாம்னு சொல்வார்," என்றார். "கேக்கலன்னா வேண்டாம்னு சொன்னதா ஆகாது." பூட்டைத் திறந்தார்.

நானும் அப்பாவும் அத்தானும் மட்டும் தூக்கினால் முடியாது என்று இரண்டு சாக்கிலேயே தெரிந்துவிட்டது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. அப்பா சேச்சியின் கதவைத் தட்டினார். சேச்சியின் கணவரும் மகனும் வந்தார்கள். சேச்சி கட்டியிருந்த முண்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தானும் வந்தாள். "நீ அந்தப் பக்கம் பிடி. ஏய், கிழிஞ்சதைக் கீழே இருந்து தாங்கு, ஒழுகுது!" ஒத்துக்கொள்ளாத மூன்று வீட்டில் ஒன்றிலிருந்து, கலூர் ஃபிளாட் என்று சொன்னவர் வந்தார். "உன் மண்ணு என் வீட்டுக்குள்ள வரவா நான் பாத்துக்கிட்டு நிக்க?" என்று திட்டிக்கொண்டே ஒரு சாக்கைத் தோளில் ஏற்றினார். அவர் முற்றத்தில் அதே மண் தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

கடைசிச் சாக்கு மேடையில் ஏறும்போது தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. கறுப்புக் கலங்கல் இல்லை. சேறு கலந்த சாதாரண உப்புத் தண்ணீர். அளந்து பார்க்க நான் மறக்காமல் ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தேன்.

நன்றாக வெளிச்சம் வந்தபோது முதலாளி வந்தார். நனைந்த வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"யார் திறந்தது?"

"நான்தான்," என்றார் அத்தான்.

"சாவியைக் குடு."

அத்தான் கொடுத்தார். முதலாளி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாக்குகளைத் திரும்ப வெளியே எடுக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் வரிசை போட்டேன். அவர் மேடைக்குப் பக்கத்தில் போய் கிழிந்த சாக்கைக் காலால் லேசாகத் தள்ளி உள்ளே சாய்த்தார், ஒழுகாதபடி.

"இங்கேருந்து போனதுதானே," என்றார். "இங்கயே கெடக்கட்டும். நீ நாளையிலேருந்து வர வேண்டாம்."

அத்தான் தலையாட்டினார். அன்று மத்தியானம் அக்காவுக்கு போன் செய்து மண்ணை எடுத்தாகிவிட்டது என்று சொன்னேன். வேலை போனதை அத்தானே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது நிலைமை இது. செம்மண் கடைசியில் தள்ளுவண்டியில் வந்தது; ஆறு முற்றத்தில் செம்மண்ணும் அதன்மேல் சிமெண்டும் போட்டிருக்கிறோம். அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தார்கள். கிடங்கில் இரும்பு வெட்டுவது நின்றது. முதலாளி இடப்பள்ளிக்கு அப்பால் எங்கோ இடம் எடுத்து அங்கே வெட்டுகிறார் என்று கேள்வி. அந்த இடத்தை நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. அத்தான் ஒரு படகுத் துறையில் வேலை பார்க்கிறார். மணிக்கட்டு முழுதாகச் சரியாகவில்லை. செம்மண் போட்ட பிறகு அக்காவும் பாப்பாவும் திரும்பி வந்தார்கள். பாப்பாவின் ரத்தத்தில் ஈயம் குறைந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகிறாள், பேசுகிறாள், கூட்டல் கணக்கு அவளுக்குச் சிரமமாக இருக்கிறது. அது ஈயத்தாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூன்று வீட்டு முற்றத்தில் கறுப்பு மண் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு கார்த்திகையும் தண்ணீர் வடிந்த பிறகு நான் அந்த வாசல்களிலும் வாய்க்காலிலும் சேறு எடுத்து அளக்கிறேன். வாய்க்கால் சேற்றில் ஈயம் வருகிறது. தோண்டிய மண் மூட்டைகள் கிடங்கு மேடையில் இருக்கின்றன. அவற்றை எங்கே கொண்டுபோவது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.